அடுத்த பாண்ட் பாட்டை முடிவு பண்ணப்போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்குற அமேசான் எம்ஜிஎம் ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம்.

டைரக்டர் டெனி வில்நெவ்னு சொல்லிட்டீங்க, தயாரிப்பு ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும்னு சொல்லிட்டீங்க. ஹீரோவைப் பத்திப் பேச ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, நான் கேக்க வந்தது பாட்டைப் பத்தி. டைட்டில் சாங்கை யார்கிட்ட குடுக்கப்போறீங்க, எப்போ குடுக்கப்போறீங்க, அதுதான் என் கவலை.

2012 அக்டோபர் 5ஆம் தேதி ஸ்கைஃபால்ங்கற பாண்ட் படத்தோட டைட்டில் பாட்டை லண்டன் நேரம் ராத்திரி 12 மணி 7 நிமிஷத்துக்கு விட்டாங்க, பாண்டோட நம்பர் 007ங்கறதுக்காக. இங்க அப்போ விடியக்காலை 4.37. அலாரம் வெச்சு எந்திரிச்சு, வீட்ல யாரும் முழிச்சிடக்கூடாதேன்னு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு இருட்டுல உக்காந்து கேட்டேன். முதல்ல பியானோ, அப்புறம் அடெல் குரல், அவங்க ரெண்டு வரி பாடுறதுக்குள்ள எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, ஏன்னா குரலுக்கு அடியில கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்குற சுரக்கூட்டம், மாறி மாறிப் போகுதே அதுக்குள்ள ஒரு நாலு சுரம் ஒளிஞ்சிருக்கு. பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், திரும்ப சுத்த தைவதம். 1962ல டாக்டர் நோ வந்ததுலேர்ந்து பாண்ட் தீம்ல கேக்குற அதே நாலு சுரம்! யாரும் எடுத்துச் சொல்லவேண்டாம், காதுக்கே தெரிஞ்சிடும் இது பாண்டுன்னு.

அந்தப் பாட்டு வந்தது வெள்ளிக்கிழமை. அப்பல்லாம் எந்தப் பாட்டு அதிகமா விக்குதுன்னு வரிசை போடுற பிரிட்டன் சார்ட்டுக்கு சனிக்கிழமையோட வாரக் கணக்கு முடிஞ்சிடும், ஆக ரெண்டு நாள் கூட முழுசா கிடைக்கல. அதுக்கே 4ஆவது இடம், அப்புறம் 2 வரைக்கும் ஏறுச்சு. அங்க நம்பர் 1 ஆகவே இல்ல. ஆனா 2013ல ஆஸ்கர் வாங்கின முதல் பாண்ட் பாட்டு அதுதான். மூணு வருஷம் கழிச்சு 2015ல ஸ்பெக்டர் படத்துக்கு சாம் ஸ்மித் பாடினது பிரிட்டன்ல நம்பர் 1 ஆச்சு, பாண்ட் பாட்டுகள்லயே முதல் தடவை. அதுக்கும் ஆஸ்கர் கிடைச்சுது. ஆனா முதலிடத்துல இருந்தது ஒரே வாரம். இன்னைக்கு ஒருத்தரை நிறுத்தி ஒரு பாண்ட் பாட்டு பாடுங்கன்னு சொன்னா எந்தப் பாட்டு வாயில வரும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஷெர்லி பாஸியோட கோல்ட்ஃபிங்கர் வரும். 1964ல பிரிட்டன் சார்ட்டுல அது 21ஐத் தாண்டல.

ஹிட் ஆகவேண்டாம்னு சொல்ல வரல. 1985ல டுரான் டுரான்ங்கற பேண்ட் பண்ணின எ வியூ டு எ கில் அமெரிக்கால நம்பர் 1 ஆச்சு, அங்க அந்த இடத்தைத் தொட்ட ஒரே பாண்ட் பாட்டு அது, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அதை யார் எழுதினாங்கன்னு பாருங்க, அந்த பேண்டும் படத்துக்கு பின்னணி இசை போட்ட ஜான் பேரியும் சேர்ந்து உக்காந்து எழுதினது. அதனாலதான் பாட்டு வேற படம் வேறன்னு தோணாது, படத்துக்கு நடுவுல அதே மெட்டு வயலின்ல வரும்போது நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஆள் வந்த மாதிரி இருக்கும். இப்போ யாருக்கு எத்தனை கோடி ஸ்ட்ரீமிங்னு பாத்து ஆளைப் பிடிச்சு, கடைசி நேரத்துல பாட்டு வாங்கி டைட்டில்ல ஒட்டினா இது வராது. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணிடாதீங்க.

நோ டைம் டு டை பாட்டை எடுத்துக்கோங்க. அதைப் பாடின பில்லி ஐலிஷுக்கு அப்போ 18 வயசு. 2020 பிப்ரவரில பாட்டு வந்துடுச்சு, ஏப்ரல்ல வரவேண்டிய படம் கொரோனால தள்ளித் தள்ளி 2021 செப்டம்பர் கடைசிலதான் வந்துச்சு. பத்தொன்பது மாசம் அந்தப் பாட்டு படமே இல்லாம தனியா நின்னுச்சு, நடுவுல கிராமியும் வாங்கிடுச்சு. பழசாகிப் போச்சா? தியேட்டர்ல கேட்டப்போ புதுசாத்தான் இருந்துச்சு, படத்துக்கு இசை போட்ட ஹான்ஸ் ஜிம்மர் அந்த மெட்டைப் பின்னணியிலயும் எடுத்துக்கிட்டதால படம் பூரா அது கூடவே வந்துச்சு.

அதே படத்தோட முடிவைத்தான் உங்களுக்கு முக்கியமா ஞாபகப்படுத்தணும். 1969ல ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் படத்துக்காக லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு காதல் பாட்டு பாடினார், வீ ஹேவ் ஆல் தி டைம் இன் தி வேர்ல்ட். மெட்டு ஜான் பேரி, வரிகள் ஹால் டேவிட். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அப்போ உடம்பு ரொம்ப முடியல, டிரம்பெட் ஊதத் தெம்பில்லாம பாட மட்டும் பாடினார், டிரம்பெட்டை வேற ஒருத்தர் வாசிச்சார். வந்தப்போ பாட்டு சரியாப் போகல. 1971ல அவர் இறந்துட்டார். 1994ல ஒரு பீர் விளம்பரத்துல அதைப் போட்டாங்க, பிரிட்டன் சார்ட்டுல 3ஆவது இடத்துக்குப் போச்சு, இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு!

2021ல நோ டைம் டு டை முடிஞ்சு பேர் ஓட ஆரம்பிக்குறப்போ அந்தக் குரல் வந்துச்சு. எங்கப்பா கிளம்பலாம்னு எழுந்து நின்னவர், முன்சீட்டைப் பிடிச்சபடி அப்படியே நின்னு கேட்டார், அப்புறம் மெதுவா திரும்ப உக்காந்துட்டார். பாட்டு முடியுற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் எதுவும் பேசிக்கல.

அதனால கேக்குறேன், ஷூட்டிங் ஆரம்பிக்கும்போதே இசையமைப்பாளரை முடிவு பண்ணிடுங்க. பாடப்போறவங்களைக் கதை படிக்க வைங்க, ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைங்க, அவசரப்படுத்தாதீங்க. முதல் வாரம் 40ஆவது இடத்துல இருந்தாலும் பரவால்ல, நாங்க கேப்போம்.

இப்படிக்கு,
திரும்பவும் 4.37க்கு அலாரம் வெக்கக் காத்திருக்குற ஒரு ரசிகன்