அழுத்தத்துக்குச் செல் தரும் பதில்

அன்பு மகளுக்கு,

ஒரே நரம்பு முடிச்சிலிருந்து பிரித்த உணர்வு நரம்புச் செல்கள் ஒரே அழுத்தத்துக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் தருவதாக எழுதியிருந்தாய். அவை அப்படித்தான் அம்மா. அதில் செல்லின் குணம் எது, நீ குத்தும் கண்ணாடிக் கோலின் குணம் எது என்று பிரிப்பதுதான் பாடு.

பெரிய செல்கள் பெரும்பாலும் தொடு உணர்வுக்கானவை. அவற்றின் ஸ்பைக், அதாவது செல் அனுப்பும் மின் துடிப்பு, ஒடுங்கியிருக்கும். அழுத்தியதும் செல்லின் சவ்வு வழியே மின்னோட்டம் சட்டென்று எழும். கோலை எடுக்காவிட்டாலும் சில மில்லிசெகண்டில் வடிந்துவிடும். அது பீசோ2 அயனிக் கால்வாயின் வேலை: அழுத்தினால் திறந்து மின்னேற்றத் துகள்களை உள்ளே விடும் சவ்வுப் புரதம். அதை விஞ்ஞானி ஆர்டெம் படபூட்டியனின் குழு 2010இல் கண்டுபிடித்தது. வலி சொல்லும் சின்னச் செல்களில் ஸ்பைக் அகலம், இறங்கும் பக்கத்தில் ஒரு திமில். அங்கே பல செல்களில் மின்னோட்டம் இழுத்துக்கொண்டே போகும். ஆகவே குத்துவதற்கு முன்பே விட்டத்தையும் ஸ்பைக் வடிவத்தையும் குறித்துவிடு.

கோலின் முனை 3, 4 மைக்ரான் இருக்கட்டும், தீயில் மழுக்கியதாக. 45 டிகிரி சாய்வில் இறக்கு. சவ்வு லேசாகக் குழியும் இடம்தான் உன் பூஜ்யம். அதை ஒவ்வொரு செல்லுக்கும் புதிதாகப் பார். அங்கிருந்து அரை மைக்ரான் அரை மைக்ரானாகக் கூட்டு. இரண்டு குத்தலுக்கு நடுவே 10 விநாடியாவது விடு, மூடிய கால்வாய்கள் மீள வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது வேகத்தில்தான். மில்லிசெகண்டுக்கு ஒரு மைக்ரானாவது கோல் நகர வேண்டும். நிதானமாக இறங்கினால், அது ஆழம் போய்ச் சேருமுன் பீசோ2 திறந்து அடங்கிவிடும். நல்ல தொடு செல்லை ‘உணர்வில்லை’ என்று எழுதி வைப்பாய். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: கோலை எடுத்த பிறகும் மின்னோட்டம் பழைய மட்டத்துக்கு வராவிட்டால் அது மெல்ல வடியும் வகை அல்ல, சவ்வு கிழிந்து கசிகிறது. அந்தச் செல்லைக் கணக்கில் சேர்க்காதே.

இன்னொன்று. ஆய்வகத் தட்டில் கிடக்கும் செல் வெறும் உடம்பு. தோலில் அதன் நரம்பிழையின் நுனிக்கு உறை உண்டு. தோலில் அதிர்வை உணரும் பாசினியன் உறுப்பின் உறை அடுக்குகளை உரித்துவிட்டால், சட்டென்று அடங்கும் ஏற்பி மின்னழுத்தம், அதாவது அழுத்தியதும் நரம்பு நுனியில் எழும் மின் மாற்றம், நீண்டுவிடுகிறது. 200 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வை அது அவ்வளவு கூர்மையாகப் பிடிப்பதில் அந்த உறைக்கும் பங்கு உண்டு. அதனால் தட்டில் பார்த்ததை அப்படியே தோலுக்குச் சொல்லிவிடாதே.

அடுத்த பதிவுகளை அனுப்பும்போது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோலின் வேகத்தை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா