அலைனர் போட்டிருப்பவர்களுக்கு: டீ, மஞ்சள், கல்யாணச் சாப்பாடு பற்றி ஒரு மடல்

ஈரோட்டில் எங்கள் பல் கிளினிக்குக்கு வந்து அலைனர் (பல்லை வரிசைப்படுத்த மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை, அதைத்தான் ட்ரே என்கிறோம்) போட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்ங்க.

போன மாதம் மூன்று பேர் ஒரே குறையோடு வந்தார்கள். "புது ட்ரே பல்லில் உட்காரவே மாட்டேங்குதுங்க" என்றார்கள். ட்ரேயில் ஒரு தப்பும் இல்லை. பேசிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. எழுந்ததும் காபி, பதினோரு மணிக்கு டீயும் வடையும், நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும், ராத்திரி வீடு திரும்பியதும் இன்னொரு காபி. ஒவ்வொரு தடவையும் ட்ரேயைக் கழற்றி, குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி மாட்ட அரை மணி ஆகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தால் தினமும் நாலு மணி நேரம் ட்ரே டப்பியிலேயே கிடந்திருக்கிறது.

ட்ரேயைத் தினமும் 22 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ட்ரே பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். அதற்கு விடாத அழுத்தம் வேண்டும். கழற்றி வைத்த நேரத்தில் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். மிச்சமுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் சாப்பாடு, டீ, பல் துலக்குவது எல்லாம் அடங்க வேண்டும்.

அதற்காக யாரும் வயிற்றைக் காயப்போட வேண்டாம். காலைக் காபியை இட்லியோடும், ராத்திரிக் காபியை இரவுச் சாப்பாட்டோடும் சேர்த்துக் குடித்துவிடுங்கள். பதினோரு மணி டீயை மட்டும் விட்டுவிட்டு, நாலு மணி டீயை 15 நிமிடத்தில் முடியுங்கள். காலையில் 30 நிமிடம், மதியமும் இரவும் 35, 35 என்றால், டீயோடு சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள், தங்களோடு வேலை செய்கிறவர்களுடன் டீக்கடைக்குப் போகாமல் இருக்க முடியாது என்கிறார்கள். போங்கள், பச்சைத் தண்ணீர் குடியுங்கள். ட்ரேயோடு குடிக்கக்கூடியது அது ஒன்றுதான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், இடையில் சாப்பிட வேண்டியதை அலைனருக்காகத் தள்ளிப்போடாதீர்கள். கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். உங்களுக்கான நேரக் கணக்கை நாங்கள் சேர்ந்து போட்டுத் தருகிறோம்.

ட்ரேயோடு டீ குடிக்க வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். சூட்டில் பிளாஸ்டிக் தளர்ந்து வடிவம் மாறும். இனிப்பு உள்ளே போனால் அங்கேயே தேங்கும். சாதாரணமாக எச்சில் பல்லை அலசிக்கொண்டே இருக்கும், ட்ரே மூடியிருந்தால் அந்த வேலை நடக்காது. இளநீரும் வெல்லக் காபியும் இதில் ஒன்றுதான், சொத்தை விழ இடம் கொடுத்துவிடும்.

அப்புறம் மஞ்சள். மஞ்சளுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அரிசிம்பருப்பு சாதமும் கறிக்குழம்பும் தாராளமாகச் சாப்பிடுங்கள். வாயைச் சுத்தம் செய்யாமல் ட்ரேயை மாட்டினால்தான் மஞ்சள் ஏறும். ட்ரே ஒன்றிரண்டு வாரத்தில் மாறிவிடும், அது கொஞ்சம் மஞ்சளானால் பரவாயில்லை. ட்ரே பிடித்து நிற்பதற்காகப் பல்லில் நாங்கள் ஒட்டியிருக்கிற பல் நிறப் பொட்டுகள் மாதக்கணக்கில் இருக்கும், கறை அதில்தான் நிற்கும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சளை வெயிலில் காயப்போட்டுப் போக்குகிறோமே என்று ஒரு அக்கா ட்ரேயை மொட்டை மாடியில் வைத்துவிட்டார். வேட்டிக்குச் சரி, ட்ரே வளைந்துபோகும். குழந்தையின் பால் பாட்டிலைப் போல வெந்நீரில் கொதிக்க வைக்கவும் கூடாது. பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

சாப்பிட்டதும் பல் துலக்கிவிட்டு மாட்டுவதுதான் முறை. வெளியூரில், பஸ்ஸில், மண்டியில் இருக்கும்போது அது நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். அப்போது தண்ணீரால் நன்றாக மூன்று நான்கு தடவை கொப்பளித்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் துலக்குங்கள். பிரஷ் இல்லை என்று ட்ரேயை மாலை வரை பையிலேயே வைத்திருப்பதுதான் தப்பு.

புது ட்ரேயை ராத்திரி படுக்கும்போது மாற்றுங்கள், முதல் வலி தூக்கத்திலேயே பாதி போய்விடும். அடுத்த இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது பல் கூசும். தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தகை, கம்மங்கூழ், குழைந்த பருப்புச் சோறு, தயிர் சாதம் எல்லாம் அதற்கென்றே நம் வீடுகளில் இருக்கிற சாப்பாடு. பள்ளிபாளையம் சிக்கனை அந்த வாரக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், அதிலிருக்கும் தேங்காய்ச் சில்லே அப்போது வலிக்கும். பொங்கலுக்குக் கரும்பை முன்பல்லால் உரிக்க வேண்டாம், ஒட்டிய பொட்டு பெயர்ந்து வந்துவிடும். துண்டு போட்டு, கடைவாயில் மெல்லலாம். கடலை மிட்டாய்க்கும் முறுக்குக்கும் அதே யோசனைதான்.

கல்யாணப் பந்தியில் உட்காரும் முன் ட்ரேயை டப்பியில் போட்டு, டப்பியைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வையுங்கள். டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தவர் ஒருவர், கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையோடு ட்ரேயும் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு எங்களைக் கூப்பிட்டார். முந்தின ட்ரே பத்திரமாக இருந்ததால் அன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டார், வேலை கெடவில்லை. நீங்களும் கடைசியாகக் கழற்றிய ட்ரேயை எறியாமல் கழுவி வைத்திருங்கள். தொலைந்தாலோ உடைந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள், அடுத்த ட்ரேக்கு நீங்களாகத் தாவிவிட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது, ஒரு நாளில் எப்போதெல்லாம் கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். திட்டுவதற்குக் கேட்கவில்லைங்க, எந்த டீயை விடலாம் என்று சேர்ந்து பார்க்கத்தான்.

அன்புடன்,
உங்கள் பல் டாக்டரும் கிளினிக்கில் உள்ளவர்களும்
ஈரோடு