கேட்காமல் வரும் பவுன்

களியக்காவிளை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு நீ எழுதியிருந்த எண்ணெய் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. பாறசாலைக்குப் போகிற ஒருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டியும் வெட்டு சரியாக நடக்கவில்லை, வெட்ட ஆளும் கிடைப்பதில்லை. அதை விடு.

ஆயுத பூஜை சங்கதியை எழுதியிருந்தாய். ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்றபோது நீயும் நின்றாய், பொரியும் வாழைப்பழமும் தந்தபோது வாங்கிக்கொண்டாய். அதற்கு உங்கள் ஜெபக்குழுக்காரர் ஒருவர் நீ உலகத்தோடு சமரசம் செய்துவிட்டாய் என்கிறார். நீ அவருக்குப் பைபிளில் வரும் சீரியப் படைத்தலைவன், தீர்க்கதரிசி எலிசா சொல்லிக் குஷ்டம் நீங்கின நாகமானை எடுத்துக் காட்டியிருக்கிறாய். ராஜா ரிம்மோன் கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்கும், கர்த்தர் அதை மன்னிப்பாராக என்று அவன் கேட்டான், எலிசாவும் "சமாதானத்தோடே போ" என்றார், அப்புறம் எனக்கென்ன என்று எழுதியிருக்கிறாய். உன் வாதத்தில் ஞாயம் இருக்கிறது. ஆனால் நாகமான் அதைத் தானாகவே, முன்கூட்டியே, தீர்க்கதரிசியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவுக்கு இஸ்ரவேல் மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனான். இனி யாரை வணங்குவான் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. நீ பொரி வாங்கினதை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு நீ யாரென்று தெரியும் அல்லவா, அது போதும்.

ஆனால் மக்கா, இந்த 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை நாகமானோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். மீதியைப் படித்துப் பார். விக்கிரகக் கோவிலில் குனியப்போகிற அந்நியன் சமாதானத்தோடே போகிறான். தீர்க்கதரிசியின் வீட்டிலேயே இருக்கிற, எந்த விக்கிரகத்துக்கும் குனியாத வேலைக்காரன் கேயாசிதான் பிடிபடுகிறான். எலிசா வேண்டாமென்று சொன்ன காணிக்கையை வாங்க நாகமானின் பின்னாலேயே ஓடுகிறான். அவன் கேட்டது ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும். நாகமானோ இரண்டு தாலந்து வாங்கிக்கொள் என்று வருந்திக் கொடுக்கிறான், சுமக்க ஆளையும் அனுப்புகிறான். திரும்பி வந்தவனிடம் எலிசா ஒலிவத்தோப்பு, திராட்சத்தோட்டம், ஆடுமாடு, வேலைக்காரர் என்று அடுக்கிக்கொண்டே போய், இதையெல்லாம் வாங்க இது காலமா என்று கேட்கிறார். அவன் கையில் இருந்தது வெள்ளியும் துணியும்தான். தோப்பும் தோட்டமும் அவன் மனசுக்குள் இருந்திருக்கும்.

இந்த அதிகாரம் இப்போது என் மண்டையில் சுற்றுவதற்குக் காரணம் என் தங்கை மகனின் கல்யாணம். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறான், உனக்குத் தெரியும். குலசேகரம் பக்கம் பெண் அமைந்தது. உறுதி பேசப் போனோம். நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. சுக்குக்காப்பி, நேந்திரங்காய் சிப்ஸ், ஒரு சின்ன ஜெபம், பிறகு மூத்தவர் யாராவது தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க" என்பார். கேட்கிறதற்கு அதைவிடப் பக்குவமான வழி கிடையாது. அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பவுன் என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் போன வருஷம் என்ன போட்டார்கள் என்பதும் தெரியும்.

அன்று அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவன் நான். கிளம்பும்போது வீட்டு நடையில் வைத்துப் பையன் என் கையைப் பிடித்தான். "மாமா, கேக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. வேண்டாம்னு சொல்லுங்க. அவ போட்டுட்டு வந்தா அது அவளுக்கு, அத எண்ணக்கூடாது, எங்க அம்மா கையில குடுக்கக்கூடாது." சரி என்றேன். அங்கே எல்லோர் முன்னாலும் அப்படியே சொன்னேன்.

நிசப்தம். பெண்ணின் அப்பா முகம் மாறிவிட்டது. சந்தோஷத்தால் என்று நினைக்காதே, பயத்தால். பையனுக்கு ஏதாவது கோளாறா, ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முறிந்ததா என்றெல்லாம் மறுநாள் தரகரிடம் விசாரித்திருக்கிறார். வாங்காதவனைக் கண்டால் சந்தேகப்படுகிற அளவுக்கு நாம் வந்துவிட்டோம். அந்த மனிதரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. பெண் பிறந்த நாளிலிருந்து சீட்டுப் போட்டுச் சேர்த்தவர் அவர்.

சட்டமும் கேயாசிக்கு வசதியாகத்தான் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் யாரும் கேட்காமல் கல்யாணச் சமயத்தில் தரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. 1985-இல் வந்த விதிகளின்படி அதைப் பட்டியல் போட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தப் பட்டியலை நம் ஊரில் எழுதினவர் ஒருவரைக் காட்டு, நான் உனக்கு ஒரு குலை செவ்வாழை அனுப்புகிறேன். கேட்டதும் கொடுத்ததும் எல்லாம் "கேட்காதது" ஆகிவிடுகிறது.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டெசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலி செலுத்தி அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டான். அந்தச் சான்றுகள் சில எகிப்தில் பாப்பிரஸ் துண்டுகளாக இன்றும் கிடைக்கின்றன. பலியும் செலுத்தாமல், சாகவும் துணியாமல், அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். நான் பலி செலுத்தவில்லையே, காகிதம்தானே என்பது அவர்கள் ஞாயம். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் காலத்துச் சபை அதை ஏற்கவில்லை. பலி செலுத்தினவர்களைவிட லேசாக நடத்தியது, ஆனால் விசுவாசத்திலிருந்து விழுந்தவர்கள் கணக்கில்தான் சேர்த்தது. நாங்கள் கேட்கவில்லை என்று சொல்லிப் பவுனை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகிதம்தான் ஞாபகம் வருகிறது.

இதில் நம் சபைக்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தை வேறு சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் இஞ்சிவிளைக்குப் போய் கேரளா லாட்டரி வாங்கி வருகிறவர்களை எனக்குத் தெரியும். எல்லையைத் தாண்டினால் பாவத்தின் மாநிலமும் மாறிவிடும் போல.

சிரிக்காதே, இன்னொன்றும் சொல்கிறேன். நட்டாலத்துத் தேவசகாயத்தை 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது இந்தப் பக்கம் சபை வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் பெருமைப்பட்டோம். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாதி பார்க்காமல் பழகினதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். அவர் பெயரோடு இருந்த சாதிப் பெயரைக்கூட ரோம் விட்டுவிட்டுத்தான் அறிவித்தது. காற்றாடிமலைக்கு வேன் பிடித்துப் போய் வந்த அதே ஆட்கள் தரகரிடம் முதலில் கேட்பது சாதியைத்தான். நம் பாட்டிமார் தோளில் துணி போடும் உரிமைக்காக அடிபட்டார்கள், 1859-இல்தான் திருவிதாங்கூர் மகாராஜா இறங்கி வந்தார். அவர்கள் பேத்திமாரைப் பவுன் கணக்கில் நிறுக்கிறோம்.

சரி, கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். நான் எதிர்பாராத இடத்திலிருந்து விஷயம் திரும்பியது. அதுவரை கதவோரம் நின்ற பெண்ணின் அம்மா, "பவுன் வேண்டாம்னா ரொம்ப சந்தோஷம். அப்போ ரோட்டோரத்து எட்டு சென்ட அவ பேருல எழுதிருங்க, தம்பிக்கு இருக்குதுதானே" என்றாள். பவுனைக் கொடுக்கத் தயாராக இருந்த அப்பா இதற்கு வாயே திறக்கவில்லை. பெண்ணின் தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான்.

அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியுமோ என்னவோ, விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டாள். 1916-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், அப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்துவிட்டாலோ, தருவதாகச் சொல்லிவிட்டாலோ அதுவும் இல்லை. மேரி ராய் என்ற பெண் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் வந்துதான் அந்தச் சட்டம் 1951-இலேயே செல்லாமல் போய்விட்டது என்றது. சட்டம் போய்விட்டது, மனசு போகவில்லை. பவுனைக் கொடுப்பது பங்கைக் கொடுக்காமல் இருக்கத்தான். பையன் வேண்டாம் என்று சொன்னதும் அந்த மூடி திறந்துகொண்டது. வாங்காமல் இருப்பதோடு பையன் வீட்டுக்காரன் வேலை முடிந்தது, மிச்சம் பெண் வீட்டுக்காரன் மனந்திரும்புதல் என்று பையனிடம் சொன்னேன். அவன், "அத நாம கேட்டா அதுவும் சீதனம்தான மாமா" என்றான். சரியான பேச்சு. அதனால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

என் தங்கைக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. மூத்த மகளைக் கட்டிக் கொடுத்தபோது தான் பட்ட கடனை யார் திருப்பித் தருவார் என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, எங்கள் சபை போதகர் ஐயரிடமும் இல்லை. கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க அவர் இரண்டு பேர் ஞானஸ்நானச் சான்றும் கேட்டார், வேறெதுவும் கேட்கவில்லை. நிச்சயம் பேசும்போது சபை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நான் கமிட்டியில் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

கல்யாணம் எப்படியும் கிறிஸ்துமஸுக்கு முன் இருக்கும், அவன் லீவைப் பொறுத்து. நீ குடும்பத்தோடு வர வேண்டும். தேதி இன்னும் குறிக்காததற்குக் காரணம் அந்த எட்டு சென்ட்தான். கல்யாணத்துக்குப் பிறகு எழுதித் தருகிறேன் என்கிறார் அப்பா, முன்னால் என்கிறாள் அம்மா. உன் தம்பி ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்கிறானே, மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுத என்னென்ன காகிதம் வேண்டும், முத்திரைக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு இந்த வாரமே எழுது. அந்த அம்மா என்னிடம்தான் கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்