பழைய கால்குலேட்டர் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் சேரவில்லை.

ஹியூலெட்-பேக்கார்டு (எச்.பி.) கால்குலேட்டர் வரிசைக் கண்காட்சிக்கு இத்தனை மெனக்கெட வேண்டுமா என்று செயற்குழுவில் கேட்டார்கள். இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1972இல் வந்த எச்.பி.-35இல் எந்தக் கணக்கையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தட்ட வேண்டும். 1974இல் வந்த எச்.பி.-65க்கோ ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். அப்போதைய விலை 795 டாலர். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் கட்டளை வரிசைதான் நிரல்; அதற்கு 100 படிகள். அணைத்தால் நிரல் போய்விடும் என்பதால்தான் அதைப் பதிந்துவைக்கக் காந்த அட்டை. வலப்பக்கம் நுழைத்தால் சிறு மோட்டார் இழுத்து இடப்பக்கம் தள்ளும். அதே அட்டையைத் திரைக்குக் கீழே செருகினால் மேல்வரிசைப் பொத்தான்கள் ஐந்துக்கும் பெயர்ப்பலகை. 1975இல் அப்பல்லோ–சோயுஸ் விண்வெளிப் பயணத்தில் போனதும் இதுதான்.

நம் கருவியில் அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை உருகி, பலாப்பிசின் போல அச்சில் அப்பிக்கிடந்தது. ஸ்பிரிட்டும் பல்குச்சியுமாக மூன்று ஞாயிறு சுரண்டினேன். சிலிகோன் குழாயில் வளையம் வெட்டிப் பொருத்தினேன். நான்காம் ஞாயிறு அட்டை ஓடியது. பார்த்தவர்கள் நானும் நூலகக் காவலரும்.

1976இன் எச்.பி.-25சி அணைத்தாலும் மறக்காதே, அட்டை எதற்கு என்றார் பொருளாளர். அதில் 49 படிகள்தான் ஐயா. வேறு நிரல் வேண்டுமென்றால் பழையதை அழித்துத்தான் தட்ட வேண்டும். 1979இன் எச்.பி.-41சி திரையில் எழுத்தும் காட்டும். அதன் தலையில் மாட்டும் அட்டை வாசிப்பானை ஒரு வாரத்தில் தருவதாக உறுப்பினர் ஒருவர் சித்திரையில் கொண்டுபோனார். இவ்வறிக்கையின் நகல் ஒன்று அவருக்குத் தபாலில் அனுப்பப்படும்.

கண்காட்சியில் ஒரு சிறுமி, சமக்குறிப் பொத்தானைக் காணோமே என்றாள். இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டுக் கூட்டலைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்றேன். “வினைச்சொல் மாதிரியா?” என்றாள். உறுப்பினராக வயது போதாது.

வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது; விவரம் பொருளாளரிடம் உள்ளது. குழாய்ச் செலவு என்னுடையது. சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் கதவருகே ஒட்டப்பட்டுள்ளது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு எச்.பி.-67 காத்திருக்கிறது, அதன் உருளையும் பிசினாகிவிட்டது. என் கண் முன்போல் இல்லை. செயலாளர் பதவியை யாரும் ஏற்க வேண்டாம். ஞாயிறு காலை நடுங்காத கையோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். குழாய் மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்