நாணயத் தொகுப்பில் தவறான அடையாளச் சீட்டுகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
நாணய விற்பனை நிறுவனம்.

பொருள்: 60 வெளிநாட்டு நாணயங்கள் கொண்ட தொகுப்பு – தவறான சீட்டுகள், போலிகள், கெட்ட உறைகள் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

"60 பழைய வெளிநாட்டு நாணயங்கள், ஒவ்வொன்றுக்கும் நிபுணர் சரிபார்த்த சீட்டுடன்" என்று விளம்பரம் செய்து 7,800 ரூபாய்க்குத் தாங்கள் அனுப்பிய தொகுப்பைப் பற்றியது இந்தக் கடிதம். இதே காசுகளைச் சீட்டில்லாமல் எடைக்கு வாங்கினால் இதில் பாதிகூட ஆகாது. மீதிப் பணம் சீட்டுக்காகத்தான் கொடுத்தது. அந்தச் சீட்டுகளில் 17 தவறு. சிலவற்றை மட்டும் கீழே எழுதுகிறேன்.

முதலில் "அரபு நாட்டுக் காசு, கி.பி. 1327, 700 ஆண்டுப் பழமை" என்ற சீட்டு. அது நிக்கல் காசு. நிக்கல் தனி உலோகமாகப் பிரித்தெடுக்கப்பட்டதே 1751-ல்தான். காசில் உள்ள 1327 ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு. ஆங்கில ஆண்டுக்கு 1909. அதுவும் காசு அடித்த ஆண்டு அல்ல, துருக்கியின் உதுமானிய சுல்தான் ஐந்தாம் மெஹ்மத் பட்டத்துக்கு வந்த ஆண்டு. அடித்த ஆண்டு தெரிய வேண்டுமானால் மறுபக்கம் சுல்தானின் துக்ராவுக்கு (கையொப்ப முத்திரைக்கு) கீழே உள்ள சின்ன எண்ணைப் பார்க்க வேண்டும். இதில் ஆங்கில 'வி' போல ஒன்று இருக்கிறது. அரபு எண்ணில் அது ஏழு. அதையே கவிழ்த்துப் போட்டால் எட்டு. ஆக, ஆட்சியின் ஏழாம் ஆண்டு. பட்டத்துக்கு வந்ததே முதலாம் ஆண்டு என்பதால் ஆறைத்தான் கூட்ட வேண்டும்: ஹிஜ்ரி 1333, அதாவது 1914-15. முதல் உலகப் போர்க் காலத்துப் பத்து பாரா என்ற சில்லறைக் காசை எழுநூறு வருஷத்துப் பொக்கிஷமாக விற்றிருக்கிறீர்கள்.

அடுத்தது "இங்கிலாந்து சவரன், 1837, விக்டோரியா". எட்டு கிராம் தங்கத்துக்குச் சவரன் என்ற பெயர் வந்ததே அந்தக் காசால்தான். அசல் எடை 7.98 கிராம், தாங்கள் அனுப்பியது 3.1 கிராம் பித்தளை. விக்டோரியா தலை போட்ட சவரன் 1838-ல்தான் தொடங்கியது. 1871 வரை அதன் பூப் பக்கத்தில் கேடயம்தான் இருந்தது, குதிரை வீரன் இல்லை. தங்கள் காசில் குதிரையில் இருப்பவர் கிரீடம் வைத்திருக்கிறார், மேலே "டு ஹானோவர்" என்று எழுதியிருக்கிறது. ஹானோவரில் பெண் வாரிசு பட்டம் ஏற முடியாததால் 1837-ல் விக்டோரியாவின் சித்தப்பா கம்பர்லாந்து பிரபு அங்கே அரசரானார். அவரைக் கிண்டல் செய்து அடித்த வில்லை இது. பிறகு சீட்டாட்டத்தில் கணக்கு வைக்கப் பயன்பட்டது. வில்லை என்றே எழுதி விற்றிருந்தால் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன், அதற்கும் சேகரிப்பவர்கள் உண்டு.

ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் தலை போட்ட தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசின் விஷயம் இன்னும் மோசம். "1780-ல் வியன்னாவில் அச்சிட்டது, வெள்ளி" என்கிறது சீட்டு. 1780 என்ற தேதியை மாற்றாமலே அந்தக் காசைப் பல ஊர்களில் திரும்பத் திரும்ப அடித்தார்கள்; 1940-41-ல் பம்பாய் அச்சாலையில்கூட அடித்தார்கள். ஆகவே தேதியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அசலோ மறு அச்சோ, எடை 28.07 கிராம், 83.3 சதவீதம் வெள்ளி இருக்க வேண்டும். தாங்கள் அனுப்பியது 24.3 கிராம். தண்ணீர்ச் சோதனையும் செய்தேன். 0.01 கிராம் தராசில் தண்ணீர் கிளாஸை வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தட்டிவிட வேண்டும். தராசு 2.9 காட்டியது. 24.3-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 8.4. இந்த வெள்ளிக் கலவைக்கு 10.2 அளவில் வர வேண்டும், 8.4 பித்தளைக் கணக்கு. விளிம்பில் புடைப்பெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட கீறல்தான் இருக்கிறது. அச்சில் அடித்ததே அல்ல, வார்ப்பு.

"கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818, ராமர் பட்டாபிஷேகம்" என்ற செம்புக் காசு கற்பனைச் சரக்கு. கம்பெனி சாமி உருவம் போட்டுக் காசு அடித்ததே இல்லை என்று சொல்லவில்லை. சென்னையின் மூன்று சாமி வராகன் உண்டு. ஆனால் அது பொடித் தங்கக் காசு. அந்தக் காலத்தில் இங்கே புழங்கிய கம்பெனிச் செம்பு 1803, 1808 என்று தேதியிட்ட பத்துக் காசு, இருபது காசு போன்றவை.

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய டப்பாவைக் கவிழ்த்தால் பினாங்கு, சிங்கப்பூர் காசு விழும். அப்படிப்பட்ட ஊருக்கே சதுரக் காசு ஒன்றை "பிரிட்டிஷ் இந்தியா, ஒரு சென்ட்" என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். தலைப் பக்கத்தில் "இந்தியாவின் பேரரசர்" என்று இருப்பதை மட்டும் படித்திருக்கிறார் தங்கள் நிபுணர். திருப்பிப் பார்த்திருந்தால் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் குடியேற்றம்) என்று பெரிதாக இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் புழங்கியது அணாவும் பைசாவும், சென்ட் ஏது? "சீனா, ஆண்டு தெரியவில்லை" என்பது ஜப்பானின் ஒரு சென். கூட்டல் குறி பத்து, அடுத்து மூன்று கோடு: தைஷோ என்ற ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியில் 13-ஆம் ஆண்டு. அதனுடன் 1911-ஐக் கூட்டினால் 1924.

உறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறீர்கள். அது நாளடைவில் அமிலம் கக்கும். கடல் ஈரக் காற்று சேர்ந்தால் செம்பில் பச்சைப் பசை பிடிக்கும். நான்கு காசுகளில் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. கலப்பில்லாத அசிட்டோனில் ஊறவைத்துப் பசையை எடுத்துவிட்டேன். அடியில் அரித்த குழி போகாது.

முழுத் தொகையையும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் தர வேண்டும். விளம்பரத்திலிருந்து "நிபுணர் சரிபார்த்த" என்ற சொற்களை நீக்க வேண்டும், அல்லது எடை, விட்டம், விளிம்பு மூன்றையும் அளந்து சீட்டில் எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது தங்கள் கடமை. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதற்குப் பிறகு நான் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

தாலரையும் சவரன் வில்லையையும் தராசில் வைத்து, எண் தெரிய எடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன. 17 சீட்டுகளின் நகலும் இருக்கிறது. காசுகளை அதே பெட்டியில் வைத்திருக்கிறேன், உறைகளை மட்டும் மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்