ஆண்டறிக்கை: நம் கரிசலுக்கு ஒரு நிரந்தர ஆய்வு வயல் வேண்டும்

தலைவர் அவர்களுக்கும், மூத்த விவசாயிகளுக்கும், கேரளத்தின் பாலக்காட்டுக் கிழக்கில் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு அஞ்சலி. காட்டுப்பன்றி, வாய்க்கால் தூர் தொடர்பாகக் கொடுத்த மனுக்களின் நகல் பதிவேட்டில் இருக்கிறது.

மண்ணைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை உழவுக்கு முன்னால் காடு காடாகப் போய்ப் பரிசோதனைக்கு மண் எடுத்தோம். வரப்போரம், மரத்தடி, எருக்குப்பை கிடந்த இடம் எல்லாம் விட்டு, அரையடி ஆழத்துக்கு வி வடிவில் குழி வெட்டி, கலந்து, கால் பங்காகக் குறைத்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ வீதம் அனுப்பினோம். பெண்கள்தான் முன்னின்று செய்தார்கள். அவர்களுக்கு என் தனி நன்றி.

பரிசோதனை முடிவும் உரப் பரிந்துரையும் எழுதிய மண்வள அட்டைகள் விதைப்பு முடிந்த பிறகே கைக்கு வந்தன. மலையாளத்தில் மட்டும் இருந்ததால் நம் பெரியவர்கள் பலருக்குப் படிக்க முடியவில்லை. அதைவிட வருத்தம், கார அமில நிலை (pH) எட்டைத் தாண்டி ஏற்கெனவே காரமாக இருக்கும் என் காட்டுக்கும் சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தது. கேரளத்தின் பெரும்பகுதி புளித்த செம்மண். அங்கே சுண்ணாம்பு மருந்து. நம் கரிசலிலோ தோண்டினால் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கல்லே வருகிறது. இங்கே மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாது. நிலக்கடலையில் நரம்பு பச்சையாக நிற்க, இளம் இலை வெளுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடலைக்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் வேண்டுமென்றால் மண் அணைக்கும்போது ஜிப்சம் போடலாம். அது காரத்தைக் கூட்டாது.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. மண்ணின் 12 அளவுகளைச் சொல்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் வகுத்தார்கள். அந்த ஆறு ஏக்கரில் நம்மவர் மூன்று நான்கு பேரின் பூமி அடங்கிவிடும். மானியத்திலும் கோணல் இருக்கிறது. 2010இல் உரத்திலுள்ள சத்தைக் கணக்கிட்டுத் தரும் சத்து அடிப்படை மானியம் வந்தபோது, யூரியாவைச் சேர்க்காமல் அதன் விலையை அரசே கட்டுப்படுத்தியது. அதனால் யூரியா மலிவு, மற்றவை விலை அதிகம். மலிவானதைத்தான் கை அள்ளுகிறது. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரச் செடிகளின் விதைக்கு அந்த அளவு ஆதரவு கிடைத்தால் மண்ணில் மக்கு சேரும். கொழிஞ்சி என்ற பசுந்தாள் செடியை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண் மாற மூன்று வருடத் திட்டம் போதாது. எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். அங்கே 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நூறாண்டைக் கடந்துவிட்டது. ஒரே வயலில் ஒரே உரத்தைத் தலைமுறை கடந்து இட்டுப் பார்த்ததால்தான் எது மண்ணைக் காக்கிறது என்று தெரிகிறது. கேரளத்தை மண்ணும் மழையும் பார்த்து 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பிரித்தபோது நம் பாலக்காடு கிழக்குச் சமவெளியைத் தனி அலகாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட மண்ணுக்கு ஆய்வுப் பணமும் வர வேண்டாமா?

ஆகவே செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: வெள்ளானிக்கரையிலுள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் நம் கரிசலில் ஒரு நிரந்தர ஆய்வு வயல் அமைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும், கோவையின் அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அட்டை தமிழிலும் விதைப்புக்கு முன்பும் வர வேண்டும். மனு தயாராக மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டு உட்காருங்கள், வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்