சான்சாவுக்குப் பாடம் நடத்தியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் பெண் பாத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்யா, செர்ஸி, டெனேரிஸ் என்று வரிசையாகப் பாராட்டிக்கொண்டே வந்தவர், சான்சாவைப் பற்றிச் சொல்லும்போது 'பட்ட அடிகள்தான் அவளைச் செதுக்கின' என்று எழுதிவிட்டார். எனக்கு உறுத்தியது அங்கேதான்.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. தொடரே அப்படித்தான் சொல்கிறது. 2019இல் வந்த கடைசி சீசனின் நான்காவது எபிசோடில், 'அன்றைக்கே என்னோடு கிளம்பியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது' என்கிறான், முன்பு தலைநகரை விட்டு ஓடும்போது சான்சாவையும் கூட்டிப்போக முன்வந்த வீரன் சாண்டோர். தன்னைச் சூழ்ச்சிக்குப் பயன்படுத்திய லிட்டில்ஃபிங்கரும், தன்னைக் கட்டிக்கொண்டு கொடுமைப்படுத்திய ராம்சேயும் இல்லாவிட்டால் காலமெல்லாம் ஒரு குட்டிப் பறவையாகவே இருந்திருப்பேன் என்று சான்சா பதில் சொல்கிறாள். தன்னை வல்லுறவு செய்தவனுக்கு ஆசிரியர் தின வாழ்த்து சொல்வது போல இருக்கிறது.

இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சான்சாவை அரண்மனையில் பிடித்துவைத்திருக்கும் ராஜா ஜோஃப்ரியின் பிறந்தநாள். குடித்துவிட்டு வந்த டொண்டோஸ் என்ற வீரனின் வாயில் மதுவை ஊற்றியே கொல்லச் சொல்கிறான். பிறந்தநாளில் ஆளைக் கொன்றால் ஆகாது என்று சட்டென்று ஒரு பொய்யை எடுத்துவிடுகிறாள் சான்சா. பிறகு, 'இவன் முட்டாள், கோமாளியாக்கிவிடுங்கள்' என்று ராஜாவின் கர்வத்துக்குத் தீனி போட்டு ஓர் உயிரைக் காப்பாற்றிவிடுகிறாள். ராம்சே அவள் வாழ்க்கையில் வருவதற்கு மூன்று சீசன்களுக்கு முன்பே அந்தச் சாமர்த்தியம் அவளிடம் இருந்தது!

தொடருக்கு மூலமான நாவல்களில் ராம்சேக்கு மனைவியாவது சான்சா அல்ல. சான்சாவின் தங்கை ஆர்யா என்று பொய் சொல்லி அனுப்பப்படும் ஜெய்ன் பூல் என்ற பெண். தொலைக்காட்சிக்காக அந்த இடத்தில் சான்சாவைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2015இல் வந்த, அவர்களின் கல்யாண இரவைக் காட்டும் எபிசோடின் முடிவில் கேமரா அவளை விட்டுவிட்டு, ராம்சே அங்கே நிறுத்திப் பார்க்கவைக்கும் தியோனின் முகத்துக்குப் போய்விடும். காட்டாமல் விட்டது நாகரிகம்தானே என்பார்கள். சரி, காட்ட வேண்டாம். அவளுக்கு நடந்ததை அவன் அழுகையாக ஏன் மாற்ற வேண்டும்?

மொத்தம் 73 எபிசோடுகள். அதில் பெண் இயக்கியவை நான்கு, நான்குமே மிஷெல் மெக்லாரன் இயக்கியவை. எழுத்தில் பெண் பெயர் வருவதும் நான்கில்தான். ஐந்தாவது சீசன் முதல் இரண்டிலுமே ஒரு பெண்கூட இல்லை. ஆண்களால் பெண்களை எழுத முடியாது என்று நான் சொல்லவரவில்லை. கடைசி சீசனில் போர்வீராங்கனை பிரியென் நைட் என்ற வீரப் பட்டம் பெறும் காட்சியை எழுதியதும் இயக்கியதும் ஆண்கள்தான். பெண்ணுக்கு அது தருவது வழக்கமில்லை என்று அவள் சொல்ல, நான் ராஜாவாக இருந்தால் பத்து தடவை தருவேன் என்கிறான் உடனிருக்கும் வீரன் டார்முண்ட். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று முதலில் மறுத்தவள், முழந்தாளிட்டு எழுந்ததும் சிரிப்பாளே, அந்தச் சிரிப்புக்காகவே அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டே எபிசோடு கழித்து அதே பிரியெனைப் பனி முற்றத்தில் நிறுத்தி, போகாதே என்று, பட்டம் தந்தவனும் காதலனுமான ஜேமியிடம் கெஞ்சவைக்கிறார்கள். அழட்டும், அழுவது குற்றமில்லை. ஆனால் கடைசி எபிசோடில் அரசரின் மெய்க்காவல் படைக்கே தலைவியான பிறகு அந்தப் படை வீரர்களின் செயல்களைப் பதிவு செய்யும் பெரிய புத்தகத்தைத் திறக்கிறாள், ஜேமியின் பக்கத்தை நிரப்புகிறாள், மூடிவிடுகிறாள். அவளுக்கென்று ஒரு பக்கம் அதில் இருந்ததா என்பதைக் கடைசிவரை காட்டவேயில்லை.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி